நகராத மிதிவண்டியில் நாலாயிரம் கிலோமீட்டர்

"எங்கும் போகாத இந்தச் சைக்கிளை மிதிப்பதால் என்ன பயன்?" இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு முதன்முறையாக வருவோர் பலர் கேட்கும் கேள்வி இது. சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள்; சிலர் கேட்காமல் மறுநாள் வராமல் இருந்துவிடுவார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாரடைப்புக்குப் பின்னரோ, அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ, மீண்டும் வெளியுலகில் நடமாட விரும்பும் ஒருவரைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து மிதிக்கச் சொன்னால், அது மருத்துவமாகத் தோன்றாமல் காத்திருப்பாகவே தோன்றும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, நோயாளிகளோடு சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்குள் அமர்ந்தபடியே கண்டம் கடக்கும் மிதிவண்டிப் போட்டியை முடித்தவர்களின் கதை அது.

கண்டம் கடக்கும் போட்டி

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை மிதிவண்டியில் செல்லும் போட்டி ஒன்று உண்டு. 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்பது அதன் பெயர். 1982-ஆம் ஆண்டு நான்கே பேர் கலந்துகொண்ட ஒரு பந்தயமாகத் தொடங்கியது. அந்த ஆண்டு கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் புறப்பட்டு நியூயார்க்கில் முடித்தார்கள். லான் ஹால்டெமன் என்பவர் பத்து நாட்களுக்குள் அந்தத் தொலைவைக் கடந்து முதலில் வந்தார். இன்று அந்தப் பாதை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுடையது. பாலைவனமும் மலைத்தொடரும் சமவெளியும் வழியில் வரும். தனியாகச் செல்வோர் ஏறத்தாழ 12 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும்.

இந்தப் போட்டிக்கும் மருத்துவத் துறைக்கும் நம் நாட்டில் நெருங்கிய தொடர்பு உண்டு. 2015-ஆம் ஆண்டு இருவர் அணியாகச் சென்று முடித்த நாசிக் நகரத்து மகாஜன் சகோதரர்கள் மருத்துவர்கள். 2017-ஆம் ஆண்டு தனியாகச் சென்று முடித்த முதல் இந்தியர்களான ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், அமித் சமர்த் ஆகிய இருவரும் மருத்துவர்களே.

2020-ஆம் ஆண்டு கொரோனாப் பரவலால் சாலைப் போட்டி நடைபெறவில்லை. அதற்கு மாற்றாக அந்த ஜூன் மாதத்தில் ஒரு மெய்நிகர்ப் போட்டி நடத்தப்பட்டது. பங்கேற்பவர் தம் வீட்டிலேயே மிதிவண்டியை ஒரு பயிற்சிக் கருவியில் பொருத்தி, 12 நாட்கள் மிதிக்க வேண்டும். அதில் மூன்றாமிடம் பெற்றவர் இந்திய ராணுவ அதிகாரி பரத் பன்னு. புனே நகரில் ஓர் அறைக்குள் இருந்தபடியே 12 நாட்களில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் அவர் மிதித்தார். சராசரியாக நாளொன்றுக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதற்கு முந்தைய ஆண்டு சாலைப் போட்டிக்காக அமெரிக்கா சென்ற அவர், பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் காறையெலும்பு முறிந்து, போட்டியைத் தொடங்காமலே திரும்ப நேர்ந்தது. அடிபட்டு ஓய்வெடுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது எத்தகையது என்பதை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள்.

தொலைவு கணக்கு; உழைப்பு உண்மை

நகராத வண்டியில் 4,000 கிலோமீட்டர் எப்படிச் சேர்கிறது? 'டிரெய்னர்' எனப்படும் அந்தக் கருவியில் கனமான சுழல் சக்கரம் ஒன்று உள்ளது. மிதிவண்டியின் சங்கிலி அதைச் சுழற்றுகிறது. மின்காந்தம் ஒன்று அந்தச் சுழற்சியைத் தடுத்துப் பிடிக்கிறது. திரையில் மேடு வந்தால் காந்தத்தின் பிடி இறுகுகிறது. சமதளம் வந்தால் தளர்கிறது. மிதிப்பவர் எவ்வளவு ஆற்றலைச் செலுத்துகிறார் என்பதைக் கருவி வாட் கணக்கில் அளக்கிறது. அந்த ஆற்றல், மிதிப்பவரின் எடை, பாதையின் சரிவு, காற்றின் தடை ஆகியவற்றைக் கொண்டு, இதே உழைப்பைச் சாலையில் செலுத்தியிருந்தால் எவ்வளவு தூரம் சென்றிருப்பார் என்று கணினி கணக்கிடுகிறது.

ஆகவே கிலோமீட்டர் என்பது ஒரு கணக்கு மட்டுமே. ஆனால் அளக்கப்பட்ட உழைப்பு முழுக்க உண்மையானது. தொடைத் தசை சுருங்குகிறது, அதற்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது, இதயம் கூடுதலாக இரத்தத்தை அனுப்புகிறது, நுரையீரல் விரிகிறது. சக்கரம் சாலையில் உருள்கிறதா, கருவியின்மேல் உருள்கிறதா என்பது இதயத்திற்குத் தெரியாது.

மறுவாழ்வுப் பிரிவில் உள்ள மிதிவண்டியும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. விழுந்துவிடும் அச்சமில்லை, போக்குவரத்து இல்லை, மழை வெயில் இல்லை. தடையை மிகச் சிறிய அளவில் கூட்டவும் குறைக்கவும் முடியும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அருகிலேயே அளக்கலாம். தேவையானால் அந்த நொடியே நிறுத்தலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்போரின் கால்களை மெல்லச் சுழற்றும் படுக்கை மிதிவண்டிகளும், டயாலிசிஸ் நடக்கும்போதே மிதிக்கும் சிறு கருவிகளும் சில மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. படுக்கையிலேயே இருந்தால் தசை விரைவாக மெலியும் என்பதே இதற்குக் காரணம். எங்கும் போகாமல் இருப்பதுதான் இந்த மிதிவண்டியின் பாதுகாப்பு.

ஆயினும் அறைக்குள் நெடுந்தொலைவு மிதிப்பவர்கள் சில இடர்களைச் சந்திக்கிறார்கள். அவற்றை அவர்கள் சமாளிக்கும் முறைகளில் நமக்கும் பாடங்கள் உள்ளன.

முதல் இடர்: வெப்பம்

நாம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் மிதிகட்டையைச் சுழற்றுகிறது. மீதமெல்லாம் உடலுக்குள் வெப்பமாகிறது. சாலையில் செல்லும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி அந்த வெப்பத்தை எடுத்துச் செல்லும். அறைக்குள் காற்று அசைவதில்லை. வியர்வை உலராமல் வழிந்து ஓடுகிறது, உடல் குளிர்வதில்லை. அப்போது இதயம் தசைகளுக்கு இரத்தம் அனுப்புவதோடு, வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்கிறது. மிதிக்கும் வேகம் மாறாமல் இருந்தாலும் நாடித்துடிப்பு சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். எனவேதான் அறைக்குள் பந்தயம் மிதிப்போர் பெரிய மின்விசிறிகளை முன்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும் நோயாளிக்கு இது மிக முக்கியமான செய்தி. மூடிய அறையில் மிதிக்க வேண்டாம். சன்னலைத் திறந்து, மின்விசிறியை உடலுக்கு நேராக வையுங்கள். கோடைக்காலத்தில் விடியற்காலையோ மாலையோ மிதியுங்கள். நேற்று எளிதாக இருந்த அதே பத்து நிமிடம் இன்று கடினமாக இருந்தால், உடனே நோய் கூடிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அறையின் புழுக்கமும் காரணமாக இருக்கலாம். ஆனால் குளிர்ச்சியான வேளையிலும் அந்தக் கடினம் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இரண்டாம் இடர்: நீரும் உப்பும்

பல மணி நேரம் வியர்ப்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் தளர்ந்துவிடுவார். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நெடுந்தொலைவுப் போட்டியாளர்கள் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு உப்பு சேர்த்தோம், எவ்வளவு உண்டோம் என்பதை மணிக்கணக்காகக் குறித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

நோயாளிகளுக்கு இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். இதயச் செயலிழப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான், இவ்வளவு உப்புதான் என்று மருத்துவர் வரம்பு வைத்திருப்பார். பயிற்சி செய்தோம் என்பதற்காக அந்த வரம்பைத் தாமாகவே மீறக் கூடாது. நடுவில் தாகம் எடுத்தால் அந்த நாளின் அளவிலிருந்தே சிறிது சிறிதாகப் பருகுங்கள். விளம்பரங்களில் வரும் விளையாட்டுப் பானங்கள் பத்து நிமிடம் மிதிப்பவருக்குத் தேவையில்லை. அவற்றின் சர்க்கரையும் உப்பும் தீங்காகவும் முடியலாம்.

இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்வோரும் பயிற்சிக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதேனும் உண்ண வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், திடீர்ப் பசி, வியர்வை, தடுமாற்றம் ஏற்பட்டால் மிதிப்பதை நிறுத்தி மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.

மூன்றாம் இடர்: அழுத்தம்

சாலையில் செல்பவர் மேட்டில் எழுந்து மிதிப்பார், வளைவில் சாய்வார், இறக்கத்தில் கால்களுக்கு ஓய்வு கொடுப்பார். இறுகப் பிடித்த கருவியில் இந்த அசைவுகள் குறைவு. உடலின் எடை ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுந்துகிறது. அதனால் அமருமிடத்தில் தோல் சிவந்து புண்ணாகிறது. கைப்பிடியை அழுத்திப் பிடித்த உள்ளங்கையில் நரம்பு நெருக்குண்டு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. தலையை நிமிர்த்தியே வைத்திருக்கும் கழுத்துத் தசைகள் தளர்ந்து, தலையைத் தூக்கவே முடியாமல் போவதும் நெடுந்தொலைவுப் போட்டிகளில் நேர்கிறது. 1983-ஆம் ஆண்டுப் போட்டியில் இதனால் அவதியுற்ற மைக்கேல் ஷெர்மர் என்பவரின் பெயரால் அந்நிலை 'ஷெர்மர் கழுத்து' என்றே அழைக்கப்படுகிறது.

படுக்கைப் புண்ணும் இதே வழியில்தான் உண்டாகிறது. அழுத்தம், ஈரம், உராய்வு, அசையாமை ஆகிய நான்கும் சேரும் இடத்தில் தோல் சிதைகிறது. வலிமை மிக்க ஒரு விளையாட்டு வீரரின் தோலே தாங்காதபோது, மெலிந்த முதியவரின் தோல் எப்படித் தாங்கும்? எனவே படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது முதல் எச்சரிக்கை; அன்றே செவிலியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிதிவண்டி மிதிப்பவரும் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கைப்பிடியைத் தளர்த்தி, தோளையும் கழுத்தையும் மெல்லச் சுழற்றிக்கொள்ளலாம்.

நான்காம் இடர்: உறக்கமின்மை

கண்டம் கடக்கும் போட்டியில் தனியாகச் செல்வோர் நாளொன்றுக்குச் சில மணி நேரமே உறங்குகிறார்கள். சிலர் அதனினும் குறைவாக. நாட்கள் செல்லச் செல்ல இல்லாத உருவங்கள் தெரிவதும், தாம் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோவதும் அவர்களிடையே அறியப்பட்டவை. அறைக்குள் மிதிப்பவருக்கோ பகலும் இரவும் ஒன்றுபோல் தோன்றும் சிக்கலும் சேர்கிறது.

மருத்துவமனையில் சில முதியவர்கள் இரவில் திடீரெனக் குழம்பிப் பேசுவதைப் பார்த்துக் குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. நோய்த்தொற்று, மருந்து, நீரிழப்பு எனப் பல காரணங்கள் இதற்கு இருக்கலாம்; ஆகவே உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். உறக்கம் கெடுவதும் பகலிரவு தெரியாமல் போவதும் அந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன. பகலில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் வரச் செய்யுங்கள். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவியுங்கள். இன்று என்ன கிழமை, எந்த இடம் என்று இயல்பாகப் பேச்சில் சொல்லிக்கொண்டிருங்கள். இரவில் விளக்கையும் பேச்சையும் குறையுங்கள்.

உடன் வருவோர்

தனிநபர் போட்டி என்று பெயர் இருந்தாலும் சாலைப் போட்டியில் எவரும் தனியே செல்வதில்லை. பின்னால் வண்டியில் ஒரு துணைக்குழு வரும். ஒருவர் உணவைக் கவனிப்பார். ஒருவர் வழியைப் பார்ப்பார். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். மிதிப்பவர் களைத்துத் தம் நிலையைத் தாமே அறிய முடியாதபோது, நிறுத்து என்று சொல்லும் பொறுப்பும் அவர்களுடையதே.

நோயாளியின் பராமரிப்பாளரும் அதே பணியைத்தான் செய்கிறார். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தத் துணைக்குழு ஒரே ஒருவர்தான்: மனைவி, மகள் அல்லது மருமகள். அவர் உறங்குவதற்கு முறை வைப்பவர் யாரும் இல்லை. துணைக்குழு களைத்தால் பயணம் நின்றுவிடும் என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும். வாரத்தில் இரண்டு இரவேனும் வேறொருவர் பொறுப்பேற்பதும், மருந்து, இரத்த அழுத்தம், எடை, பயிற்சி நேரம் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் உதவும். குறிப்பேடு இருந்தால் அடுத்து வருபவர் எதையும் கேட்டுத் தொல்லைப்படுத்தாமல் தொடரலாம்.

நமக்கு எவ்வளவு?

ஓர் எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே கண்ட போட்டிகள் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. அவற்றின் அளவை நோயாளிகள் பின்பற்றக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் ஒழுங்கை மட்டுமே.

மருத்துவர் அனுமதி தந்த பிறகு, முதலில் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்று தொடங்கலாம். நன்றாகத் தாங்கினால் நிமிடங்களை முதலில் கூட்டுங்கள். தடையைப் பிறகு கூட்டலாம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சில நிமிடங்கள் தடையின்றி மெல்ல மிதியுங்கள். திடீரென்று நிறுத்தினால் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் வரலாம். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது எட்ட வேண்டிய இலக்கு; முதல் வாரத்துக் கட்டளை அல்ல.

மிதமான உழைப்பு என்பதை எப்படி அறிவது? மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே கைக்கடிகாரத்தில் தெரியும் துடிப்பு எண்ணை மட்டும் நம்பிக் கூடுதலாக உழைத்துவிடக் கூடாது. அதற்காகவே சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையுள்ள உழைப்பு அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நீங்களே ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு 11 முதல் 13 வரை, அதாவது 'எளிது' என்பதற்கும் 'சற்றே கடினம்' என்பதற்கும் இடைப்பட்ட நிலை போதும்.

கீழ்க்கண்டவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள்:

– மார்பில் வலி, இறுக்கம், பாரம். தாடை, தோள், இடக்கைக்குப் பரவும் வலி
– வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு
– தலைசுற்றல், கண் இருட்டுதல், குளிர்ந்த வியர்வை
– நெஞ்சுப் படபடப்பு அல்லது தாறுமாறான துடிப்பு

மார்புவலியோ மூச்சுத்திணறலோ ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் உள்ள நாளிலும், இரண்டு மூன்று நாட்களில் எடை திடீரெனக் கூடிக் கால் வீங்கிய நிலையிலும் மிதிக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

ஊர் போய்ச் சேரும் வழி

மெய்நிகர்ப் போட்டியாளர்களுக்குத் திரையில் சாலை தெரிகிறது. நமக்கு அத்தகைய திரை தேவையில்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டு, உங்கள் சொந்த ஊருக்குச் செல்லும் வழியிலுள்ள ஊர்களை வரிசையாக எழுதுங்கள். தொலைவு 120 கிலோமீட்டர் என்றால், நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் வீதம் 30 நாட்களில் போய்ச் சேரலாம். மிதிக்க முடியாத நாளில் அடுத்த ஊர் காத்திருக்கட்டும். பிந்தி வந்தால் கோபிக்கும் ஊர் எதுவும் இல்லை. பேரக்குழந்தை வீட்டில் இருந்தால் அன்றன்று கடந்த ஊருக்கு வட்டமிடும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஒரு கருவி காட்டும் கிலோமீட்டர் இன்னொன்றில் மாறலாம்; ஆகவே எத்தனை நிமிடம் மிதித்தோம் என்பதையும் அருகில் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் காகிதத்தையும் மருந்துச் சீட்டோடு எடுத்து வாருங்கள். அதைப் பார்த்து, தடையைக் கூட்டலாமா, அதே அளவில் தொடரலாமா என்பதை உங்களோடு சேர்ந்து முடிவு செய்வோம்.

எங்கும் போகாத சைக்கிளை மிதிப்பதால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதுவே எங்கள் விடை. சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிதிப்பவரின் இதயமும் தசையும் மூச்சும் நாள்தோறும் சிறிது தூரம் முன்னே போகின்றன. படுக்கையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்து போகும் நாளில் அந்தத் தூரம் உங்களுக்கே தெரியும்.